அனுமதி பெற்ற காகம்

அந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்வந்தவர்கள் எல்லாரும் காலில் கொப்புளத்தோடு திரும்பினார்கள். அதன் பிறகு மழை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக் கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால் வற்றிப் பாளம் பாளமாக வெடித்தது. மரங்களிலிருந்து மைனாக்கள் விழத் தொடங்கின. படித்தவர்கள் அதைக் கவனித்தார்கள். கவனித்த கையோடு ஒரு சபை தொடங்கினார்கள்.

உஷ்ணகாலப் பட்சி பரிபாலன சபை என்பது அதன் பெயர். தலைவர், உபதலைவர்கள், காரியதரிசி, துணைக் காரியதரிசி, பொக்கிஷதார், ஆலோசகர்கள் என்று எல்லாருக்கும் பதவி கிடைத்துவிட்டதால் சாதாரண உறுப்பினர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. முதல் சொட்டுத் தண்ணீரை ஊற்றுவதற்கு முன்பே இரண்டு புகைப்படங்கள் எடுத்துக்கொண்டார்கள். முதல் தீர்மானமும் நிறைவேறியது. இந்த வட்டாரத்தில் சபையைத் தவிர வேறு யாரும் பறவைகளுக்குத் தீனியோ தண்ணீரோ வைக்கக் கூடாது.

நல்லம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. லயத்துச் சுவரின் மேல் தினமும் ஒரு பிடி சோறும் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீரும் வைப்பாள். காகம் வந்து கொத்திய பிறகுதான் தன் வாயில் சோறு வைப்பாள். அவள் புருஷன் வாசு ரயில்வே யார்டில் வண்டிகளுக்குக் கொக்கி மாட்டுகிறவனாக இருந்தான். போன சித்திரையில் ஒரு நாள், சங்கு ஊதிவிட்டது என்று காலைக் கஞ்சியைத் தொடாமல் ஓடினான். மத்தியானம் அவள் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுபோனபோது அவனைச் சாக்கில் மூடியிருந்தார்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் அவன் நின்றதை யாரும் பார்க்கவில்லையாம். சோறு அப்படியே திரும்பி வந்தது. வயிறு காலியாகத்தான் அவன் போனான் என்பது அவளுக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காகம் கொத்தும்போது அந்தப் பசி கொஞ்சம் அடங்குகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

ரயில்வே ஆபீசுப் பியூன் வந்து சிரட்டையை எடுத்துப் போனான். அவள் அவன் பின்னாலேயே ஆபீசுக்குப் போனாள்.

அங்கே கணக்கு வழக்குப் பார்க்கும் தலைமைக் கிராணி கார்த்திகேசு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். லயத்து அறைகளை ஒதுக்குவது அவர் கை. சபைக்கும் அவரே காரியதரிசி. மேசைமேல் சிரட்டை இருந்தது.

"இது ஆற்றை?"

"என்னோடதுங்க ஐயா."

"ஆரைக் கேட்டு வைச்சனி?"

"காக்காவுக்கு வைக்கிறதுக்கு யாரக் கேக்கிறதுங்க?"

கார்த்திகேசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அதுதான் பிழை. ஒருத்தரையும் கேளாமல் ஆளாளுக்கு இரக்கப்பட வெளிக்கிட்டால் என்ன நடக்கும்? இண்டைக்குக் காகத்துக்கு இரங்குவியள். நாளைக்கு மனுசருக்கு இரங்குவியள். பேந்து அரசாங்கம் என்னத்துக்கு? நாங்கள் என்னத்துக்கு?"

நல்லம்மாள் மேசைமேலிருந்த சிரட்டையைப் பார்த்தாள்.

"லயத்து அறை வேலை செய்யிற ஆளுக்கு. செத்த ஆளின்ரை பெண்சாதிக்கு இல்லை. ஒரு வருசமாய் நான் கண்டும் காணாமல் விட்டனான். அதுவும் இரக்கம்தான். ஆனால் அதுக்கு அனுமதி இருக்கு."

"யாரு குடுத்தாங்க ஐயா?"

"நான்தான்."

அறை போய்விட்டது என்று அவள் நினைத்தாள். ஆனால் கார்த்திகேசு சிரித்தார்.

"பயப்படாதை. சபைக்கு ஒரு பணியாள் வேணும். உனக்குப் பழக்கம் இருக்கு. சபையின்ரை ஆள் எண்டால் அறையிலை இருக்கலாம்."

அவள் இரண்டு கையையும் குவித்தாள். "காக்காவுக்கு வைக்கிறதுதானுங்களே ஐயா. நல்லா வைப்பேன்."

"காகத்தைத் துரத்துறது," என்றார் கார்த்திகேசு.

*

சபையின் விதிப்புத்தகம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே பனிக்காலத்தில் பறவைகளைக் காப்பாற்றும் ஒரு சபை அதை அச்சிட்டிருந்தது. பனிக்காலம் என்று வந்த இடங்களை எல்லாம் கார்த்திகேசு சிவப்பு மையால் அடித்து உஷ்ணகாலம் என்று எழுதினார். மற்ற எதையும் தொடவில்லை. அச்சில் வந்ததை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது.

ஆபீசுக்கு முன்னால் பெரிய மழைமரத்தின் அடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். அதில் உறைந்திருக்கும் பனிக்கட்டி உருகும்படி காலையிலும் நண்பகலிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்ற வேண்டும் என்பது விதி.

"வெந்நீருங்களா ஐயா?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

"ஓம். பனிக்கட்டி உருக."

"பனிக்கட்டி ஒண்ணும் இல்லீங்களே."

கார்த்திகேசு எட்டித் தொட்டியைப் பார்த்தார். "பாத்தியே? விதி வேலை செய்யுது."

அவள் வெந்நீர் போட்டாள். மரத்தடியில் கல் கூட்டி, வெயிலில் அடுப்பெரித்து, மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துத் தொட்டியில் கொட்டினாள். மைனாக்கள் வாயைப் பிளந்தபடி தொட்டி விளிம்பில் வந்து உட்காரும். ஆவி முகத்தில் அடித்ததும் எழுந்து போய்விடும். தண்ணீர் ஆறி அவை குனிகிற நேரத்தில் அடுத்த தகரம் கொதித்துவிடும்.

குளிரில் பறவைகள் விறைத்துப் போகாமலிருக்க ஆட்டுக் கொழுப்பை உருண்டை பிடித்துக் கிளையில் தொங்கவிடவும் விதி இருந்தது. சைவரான ஓர் உபதலைவர் அதை வெண்ணிற உணவு என்றே குறிப்பிட வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஒருமனதாக நிறைவேறியது. உருண்டைகள் வெயில் ஏறுவதற்குள் உருகிக் கீழே தொட்டியில் சொட்டின.

எதிர்ச்சாரியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த சனாவுல்லா ஒரு நாள் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். நாகூர்ப் பக்கத்து மனிதர். வாசு இருந்தபோது அவனுக்குக் கடனுக்குத் தேநீர் கொடுத்தவர்.

"தங்கச்சி, குருவிக்கு சூப்பு வைக்கிறியா?"

"போங்க அண்ணே. அவரு காதுல விழுந்துரும்."

"விழட்டுமே. கொஞ்சம் மல்லித்தழை போடச் சொல்லலாம்."

அவள் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். மரத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்திருந்தது. காகங்களும் அவற்றின் இனத்தாரும் திருட்டுப் புத்தி உள்ளவை, அவற்றை அண்ட விடக் கூடாது என்பதும் விதி. அவள் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கழியைத் தூக்கி ஆட்டினாள். "ச்சூ" என்றாள். அது போகவில்லை. கல் எடுத்து எறிந்தாள். போயிற்று.

"இதுகளும் நம்மள மாதிரி கப்பல்ல வந்த கூலிதான், தெரியுமா?" என்றார் சனாவுல்லா. "கிள்ளான்ல காப்பித் தோட்டத்துப் புழுவத் தின்னட்டும்னு வெள்ளக்காரன் சிலோன்லேருந்து கொண்டாந்து எறக்குனானாம். காப்பி போச்சு. இப்ப காக்கா வேணாமாம்."

நல்லம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

*

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தொட்டிக்கு மாலை போட்டார்கள். தலைவருக்கும் போட்டார்கள். விருந்தினர்களுக்குச் சோடா கொடுத்தார்கள். கார்த்திகேசு மேடையில் ஏறியதும் வீட்டுப் பேச்சை விட்டுவிட்டு ஏட்டுத் தமிழுக்கு மாறினார்.

"கனவான்களே! தண்ணீர் என்பது யாரும் ஊற்றக்கூடிய ஒரு வஸ்து. ஆதலால்தான் அதற்கு இதுவரை மரியாதை இல்லாமல் இருந்தது. நாம் அந்தக் குறையை நீக்கிவிட்டோம். இனி இவ்வட்டாரத்தில் ஒரு பட்சி தாகத்தால் மடிந்தால், அது முறைப்படி மடிந்ததாகவே கருதப்படும்."

கைதட்டினார்கள். தட்டிக்கொண்டிருக்கும்போதே கிளையிலிருந்து ஒரு மைனா முன்வரிசையில் விழுந்தது. அலகு திறந்திருந்தது, மூடியது, திறந்தது. ஓரத்தில் நின்ற நல்லம்மாள் ஓடிப் போய் அதைக் கையில் எடுத்தாள். பொக்கிஷதாரின் நாற்காலிக்குக் கீழே பாதி குடித்த சோடா இருந்தது. அதில் விரலை நனைத்தாள்.

"பொறு," என்றார் கார்த்திகேசு. புத்தகத்தைப் புரட்டினார். அதில் ராபின் இருந்தது, பிஞ்ச் இருந்தது, ரென் இருந்தது. மைனா இல்லை. பட்டியலில் இல்லாத பட்சிக்குச் சபை மேடையில் உபசாரம் செய்யலாமா என்று உபதலைவர் ஒருவர் ஐயம் கிளப்பினார். விருந்தினராகக் கருதலாம் என்றார் ஒருவர். விருந்தினர் என்றால் அழைப்பு அனுப்பியிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். வாதம் நடந்தது. நல்லம்மாள் ஈர விரலோடு நின்றாள். விரல் காய்ந்தது. மைனாவின் கழுத்து அவள் உள்ளங்கையில் சாய்ந்தது.

எல்லாரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அதற்கு விதி தேவைப்படவில்லை.

*

சித்திரை பிறந்தது. வாசுவின் தலைத்திவசம் நெருங்கியது.

சிரட்டை பறிபோன நாளிலிருந்து நல்லம்மாள் சனாவுல்லாவின் கடைப் புழக்கடையில் ஒளித்துச் சோறு வைத்து வந்தாள். முதலில் காகங்கள் வந்தன. பிறகு குறைந்தன. பிறகு அவள் தலையைக் கண்டதும் ஒன்று கத்தும், மற்றவை கூடிக் கத்தும், எல்லாம் எழுந்து ரயில்வே கூரைக்குப் போய்விடும். ஒரு நாள் ஒன்று பின்னாலிருந்து வந்து உச்சந்தலையில் கொத்திவிட்டுப் போயிற்று. சேலையை மாற்றிப் பார்த்தாள். முக்காடு போட்டுப் பார்த்தாள். காகம் சேலையைப் பார்ப்பதில்லை. நாள் முழுக்கக் காத்திருந்து, பொழுது சாய்ந்ததும், திருடியதைத் தின்பவள்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"நான் வேணா வைக்கவா தங்கச்சி?" என்று கேட்டார் சனாவுல்லா. "எங்கிட்ட வருதுங்க."

"நீங்க வச்சா உங்க வாப்பாவுக்குல்ல போயிரும் அண்ணே."

"எங்க வாப்பாவுக்குக் காக்கா வேணாம். ஒரு பாத்திஹா ஓதினாப் போதும்."

"இவருக்கு நான் வைக்கணும். பசியோட போனாரு. ஒரு வருசத்துச் சோறு அது. அதயாவது தின்னுட்டுப் போகட்டும்."

அவள் கார்த்திகேசுவிடம் போனாள். திவசத்தன்றைக்கும் அதற்கு முந்தின சில நாட்களுக்கும் காகங்களைத் துரத்தாமலிருக்க உத்தரவு கேட்டாள். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அவை மறந்துவிடும் என்றாள்.

கார்த்திகேசு நாட்காட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அண்டைக்குத்தான் பெரிய துரையின்ரை துரைசாணி தொட்டியைப் பாக்க வாறா. நல்லதாய்ப் போச்சு. சபை உன்ரை திவசத்தைப் பொறுப்பெடுக்கும்."

"இல்லீங்க ஐயா, நான் லயத்துலயே..."

"கதைக்காதை. தமிழரின்ரை பட்சி அன்பு எண்டு துரைசாணிக்குக் காட்டலாம். முந்தின நாளுகளிலை துரத்தாமல் விடேலாது, அது விதி. ஆனால் அண்டைக்கு மட்டும் ஒரு காகத்துக்கு அனுமதி தாறம்."

தீர்மானம் அன்று மாலையே நிறைவேறியது. ஒரு காகம், ஒரு முறை, ஒரு பிடி. காகம் தொட்டிக்குத் தெற்குப் பக்கமாக வர வேண்டும், உண்டு முடித்ததும் கலைந்துவிட வேண்டும். தண்ணீர் வழக்கம்போல் கொதிநீர்.

*

திவசத்தன்று நல்லம்மாள் விடிய எழுந்து குளித்தாள். சோறு, பருப்பு, வாழைக்காய், வாசுவுக்குப் பிடித்த பூசணிக் கூட்டு. மரத்தடியில் பந்தல் போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். துரைசாணி வெள்ளைக் குடை பிடித்து நடுவில் உட்கார்ந்தாள். தொட்டியிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"ஐஸ், மேடம்," என்றார் கார்த்திகேசு.

அவள் தலையசைத்தாள். அவள் ஊரில் அப்படித்தான்.

கார்த்திகேசு பேசினார். "இந்த ஏழை ஸ்திரீயின் புருஷன் நமது யார்டில் உயிர் துறந்தான். அதைப் பற்றி நீண்ட விசாரணை நடந்தது. யார்மீதும் தவறில்லை என்று முடிவாயிற்று. யார்மீதும் தவறில்லாத ஒரு மரணத்துக்காக, எவ்விதக் கடமையும் இல்லாத நமது சபை, ஒரு முழுக் காகத்தையே ஒதுக்கியிருக்கிறது. இதற்கு மேல் ஒரு நிர்வாகம் என்ன செய்ய முடியும்?"

கைதட்டல் ஓய்ந்ததும் நல்லம்மாள் இலையைத் தரையில் வைத்துப் பின்னால் நகர்ந்தாள்.

"கா... கா... கா..."

ரயில்வே கூரையில் காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவள் குரலைக் கேட்டதும் எல்லாம் ஒரேயடியாகக் கத்தின. ஒன்றும் இறங்கவில்லை. அவள் மறுபடி அழைத்தாள். கறுப்புத் துணிக்குள் புகைப்படக்காரனுக்கு வியர்த்து ஒழுகியது. துரைசாணி குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். சோறு மேலாகக் காய்ந்தது.

"உங்க நல்லதுக்குத்தானுங்க," என்று நல்லம்மாள் கூரையைப் பார்த்து முணுமுணுத்தாள். "வேணும்னா துரத்துனேன்? வாங்க. அவருக்குத்தான்."

கார்த்திகேசு பியூனின் காதில் ஏதோ சொன்னார். பியூன் ஓடினான். சந்தை கூடும் பாசார் பக்கம் நகரசபையின் காகம் சுடும் ஆட்கள் அந்த வாரம் இறங்கியிருந்தார்கள். அவன் திரும்பி வந்தபோது கையில் காலைக் கட்டிய ஒரு காகம் இருந்தது. ஒரு சிறகு ஒடிந்து தொங்கியது.

"அனுமதி பெற்ற காகம்," என்று கார்த்திகேசு சபைக்கு அறிவித்தார்.

பியூன் குந்தி உட்கார்ந்து அதன் அலகைச் சோற்றில் அழுத்தினான். அது வாயைத் திறக்கவில்லை. விரலால் பிளந்து ஒரு பருக்கையைத் திணித்தான். அந்தக் கணத்தில் புகைப்படம் எடுத்தார்கள். பருக்கை வெளியே விழுந்தது.

எல்லாரும் தட்டினார்கள். துரைசாணியும் கையுறையோடு தட்டினாள்.

"முடிஞ்சுது," என்றார் கார்த்திகேசு. "இனி நீ சாப்பிடு. துரைசாணி பாக்க வேணுமாம்."

"அது தின்னலீங்க ஐயா."

"திண்டது. படத்திலை இருக்கு."

"பியூனு வாயில திணிச்சாரு. அது துப்பிருச்சு. இன்னும் யாரும் தின்னலீங்க."

"இஞ்ச பார். அனுமதி ஒரு காகத்துக்குத்தான். அந்தக் காகம் வந்திட்டுது. இனி ஒரு காகம் வேணுமெண்டால் சபை கூட வேணும்." குரலைத் தாழ்த்தினார். "சிரிச்சுக்கொண்டு ஒரு வாய் வை. அறை உனக்குத்தான்."

நல்லம்மாள் குந்தினாள். இலைக்குப் பக்கத்தில் காகம் கிடந்தது. கட்டை அவிழ்த்துவிடப் பார்த்தாள். அதன் தலை துவண்டு கிடந்தது; அவிழ்க்கத் தேவையில்லாமல் போயிருந்தது. இலையை நான்காக மடித்துத் துண்டில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"போனியெண்டால் அறை இல்லை."

"தெரியுங்க ஐயா."

சாலையைக் கடந்தபோது சனாவுல்லா கடை வாசலில் நின்றார். "எங்க தங்கச்சி?"

"கிள்ளானுக்கு. அங்க நெறைய இருக்குன்னீங்களே அண்ணே. அதுகளுக்கு என் மூஞ்சி தெரியாது."

அவர் உள்ளே போய் ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். "மத்தியான வண்டி நிக்கிது. ஓடு."

*

கிள்ளான் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நல்லம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மரத்துக்கு மரம் காகம். கூரைக்குக் கூரை காகம். அவளைப் பார்த்து ஒன்றும் கத்தவில்லை. ஆற்றுக்குப் போகிற வழியில், நிழலான ஓர் இடத்தில், தரையைக் கையால் துடைத்து இலையை விரித்தாள். சோறு இன்னும் கெடவில்லை. போத்தலிலிருந்து ஒரு கை தண்ணீரை இலையைச் சுற்றி விட்டுப் பத்தடி தள்ளி நின்றாள்.

"கா... கா..."

ஒரு காகம் உடனே இறங்கியது. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. ஒரு தத்துத் தத்தியது.

"அக்கா, இங்க வைக்கக் கூடாது."

நல்லம்மாள் திரும்பினாள். அவளைவிட இளையவள் ஒருத்தி, வெறும் நெற்றி, கையில் பிஸ்கட் தகரமும் ஒரு குச்சியும். அவளுக்குப் பின்னால் கல் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஒரு தொட்டி.

"இங்கயுமா?"

"கிளை சபையாம். போன வாரந்தான் தொறந்தாங்க."

"ஒரு பிடிதான் பொண்ணே. எங்க வூட்டுக்காரருக்கு. தலத்தெவசம். பசியோட போனவரு."

அவள் குச்சியைத் தாழ்த்தினாள். காகம் இன்னும் ஒரு தத்துத் தத்தியது. "எங்க வூட்டுக்காரருக்கும் வர்ற வைகாசியில வருது அக்கா," என்றாள்.

"பேரென்ன?"

"வீரம்மா."

"லயத்துலயா இருக்கே?"

"ஆமா. புள்ளையோட."

தொட்டிக்குப் பின்னால் இருந்த ஆபீசு வராந்தாவில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் எழுந்து வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்த்தார். வீரம்மா அவரைப் பார்த்தாள். பிறகு இலையைப் பார்த்தாள். குச்சி அவள் கையிலேயே இருந்தது. அவள் தட்டவில்லை.

காகம் இலையின் விளிம்புக்கு வந்து கழுத்தை நீட்டியது.

"தட்டு பொண்ணே," என்றாள் நல்லம்மாள். "அவரு பாக்குறாரு."

"அக்கா..."

"தட்டு. தகரத்த மேல தூக்கிக்க. அப்பத்தான் அங்க வரைக்கும் கேக்கும்."

வீரம்மா தகரத்தைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். காகம் எழுந்து போயிற்று. அதன் அலகில் ஒன்றும் இல்லை.